வாரம் இரண்டு மணி நேரத்தில் என்ன தொண்டு செய்ய முடியும்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: முழுநேர வேலையில் இருக்கிறீர்கள், வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் ஒதுக்க முடியும், குடியிருக்கும் பகுதிக்கு உருப்படியாக ஏதாவது செய்ய ஆசை. ஆனால் சொல்லிக்கொள்ளும்படி தனித்திறமை எதுவும் இல்லை, புது ஆட்களிடம் பேசவும் கூச்சம். முன்பு ஒரு அமைப்பில் சேர்ந்து சீக்கிரமே விட்டுவிட்டதால் மறுபடி தொடங்கத் தயக்கமாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பல வருடங்களாகத் தன்னார்வலர்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, யாருக்கு எந்த வேலை என்று பிரித்துத் தருகிற பொறுப்பில் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும். உங்கள் சனி ஞாயிறு முழுவதையும் யாரும் கேட்கப் போவதில்லை. வியாழக்கிழமை ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை ஆறு மணிக்கு வந்து நிற்கிற ஆள்தான் எந்த அமைப்புக்கும் கிடைக்காமல் இருக்கிற ஆள். அது ஒன்று இருந்தால் மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடலாம். அது இல்லாவிட்டால் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவரை நம்பி ஒரு வேலையை ஒப்படைக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பக்கம் ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ரத்த தானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது பெரிய துயரம் நடந்தால் மக்கள் தாமாகவே வந்து வரிசையில் நிற்பார்கள், அது மனிதர்களிடம் இருக்கிற நல்ல குணம்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் அப்படித்தான் நின்றார்கள். ஆனால் காயத்தோடு பிழைத்து ரத்தம் தேவைப்பட்டவர்கள் குறைவாகவே இருந்தார்கள். சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள் வைத்திருக்கலாம், தட்டணுக்களை ஒரு வாரம்கூட வைப்பது கடினம். ஆகவே சேர்ந்த ரத்தத்தில் நிறைய வீணாகக் கொட்ட வேண்டியதாயிற்று. ஆனால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் உள்ள குழந்தைக்கும், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவருக்கும், பிரசவத்தில் ரத்தம் இழக்கிற பெண்ணுக்கும் செய்தியில் எதுவும் வராத சாதாரண வாரத்திலும் ரத்தம் வேண்டும். ரத்த வங்கியை நடத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை உணர்ச்சிவசப்பட்டு வருகிற ஆயிரம் பேரைவிட, இடைவெளி முடிந்ததும் சத்தமில்லாமல் வந்து கொடுத்துவிட்டுப் போகிறவர்களைத்தான் அவர்கள் நம்பியிருப்பார்கள். முழு ரத்தம் கொடுக்க இரண்டு தானங்களுக்கு இடையே பொதுவாக 8 முதல் 16 வாரம் வரை விடச் சொல்வார்கள், நாட்டுக்கு நாடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும். உடல்நிலை இடம் கொடுத்தால் உங்களைப் போல நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இது ஒன்றே நல்ல தொடக்கம், ஒருவரிடமும் அதிகம் பேச வேண்டியதும் இல்லை.

முன்கூட்டியே தயாராக இருப்பதற்கும் பார்த்தவுடன் ஓடிவருவதற்கும் உள்ள வித்தியாசத்தை பெரிதாக எடுத்துச் சொன்னவர் ஹென்றி டூனாண்ட். 1859 ஜூன் 24 அன்று இத்தாலியில் சோல்ஃபெரினோ என்ற இடத்தில் நடந்த போரில் காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் பக்கத்து ஊரில் வந்து குவிந்தார்கள். அந்த ஊர்ப் பெண்கள் எந்தப் படையைச் சேர்ந்தவன் என்று பார்க்காமல் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்து, கட்டுப்போட்டு, தேவாலயத்துக்குள் படுக்க வைத்துக் கவனித்தார்கள். டூனாண்ட் மருத்துவர் கிடையாது, வியாபார விஷயமாக அந்தப் பக்கம் வந்த ஜெனிவாக்காரர், அவரும் அந்தப் பெண்களோடு சேர்ந்து நாள்கணக்கில் வேலை செய்தார். பிறகு 1862-இல் அதை எழுதியபோது அவர் முன்வைத்த யோசனை, சமாதான காலத்திலேயே தொண்டர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்துத் தயாராக வைத்திருக்கும் சங்கங்கள் ஒவ்வொரு நாட்டிலும் வேண்டும் என்பது. அடுத்த வருடம் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. அன்பு அந்த ஊரில் ஏராளமாக இருந்தது, ஆனாலும் பயிற்சி பெற்ற கைகள் இல்லாததால் காப்பாற்றியிருக்கக்கூடிய பலர் செத்துப்போனார்கள் என்பதுதான் அவருடைய மனத்தை அறுத்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒன்று சொல்ல வேண்டும், தொண்டு என்றால் ஏதாவது ஓர் அமைப்பில் பெயர் கொடுத்து அடையாள அட்டை வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஐ.நா.வின் தன்னார்வலர் திட்டம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில் உலகம் முழுவதும் மாதத்துக்கு ஏறத்தாழ 86 கோடிப் பேர் தன்னார்வ வேலை செய்கிறார்கள் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதில் அமைப்புகள் மூலமாகச் செய்பவர்களைவிட, நேரடியாக இன்னொருவருக்குக் கைகொடுப்பவர்களின் விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல். தன் குடும்பம் அல்லாத ஒருவருக்கு, கூலி வாங்காமல், யாரும் கட்டாயப்படுத்தாமல் செய்தால் அது தன்னார்வ வேலைதான் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் புள்ளியியல் வரையறையே ஏற்றுக்கொள்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவை மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறீர்களா? நீங்கள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்கள்.

அக்கம்பக்கம் என்பதன் பலம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள 1995 ஜனவரி 17-ஐப் பார்க்க வேண்டும். அன்று விடியற்காலை ஜப்பானில் கோபே நகரத்தையும் பக்கத்தில் உள்ள அவாஜி தீவையும் நிலநடுக்கம் தாக்கியது. இடிபாடுகளில் சிக்கி உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான், மீட்புப் படை அவ்வளவு இடங்களுக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேர முடியவில்லை. அவாஜி தீவின் ஹொகுடான் என்ற ஊரில் யார் வீட்டில் யார் எந்த அறையில் படுப்பார்கள் என்பதுகூட ஊராருக்குத் தெரிந்திருந்ததால் எங்கே தோண்டுவது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நாடு முழுவதிலிருந்தும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உதவிக்கு வந்தார்கள், பலருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் தொண்டு. அந்த வருடத்தையே ஜப்பானியர்கள் தன்னார்வத் தொண்டின் முதல் ஆண்டு என்று சொல்கிறார்கள், 1998-இல் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கான சட்டமும் வந்தது. வெளியூரிலிருந்து வந்த அத்தனை பேரும் செய்தது பெரிய வேலை. ஆனால் முதல் சில மணி நேரத்தில் உயிரைக் காப்பாற்றியது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருந்தது. உங்கள் கட்டடத்திலோ தெருவிலோ தனியாக இருக்கும் முதியவர்கள் யார், படியிறங்க முடியாதவர்கள் யார், அவர்களுடைய பிள்ளைகளின் போன் நம்பர் என்ன என்று அவர்கள் சம்மதத்தோடு ஒரு தாளில் குறித்து வைப்பது ஒரு மாலை வேலைதான், ஆனால் அதைச் செய்தவர்கள் மிகக் குறைவு.

தனித்திறமை இல்லை என்கிறீர்கள். எனக்குத் தெரிந்து தேவைப்படும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனித்திறமை தேவையில்லை, பொறுமை தேவை. வாசிக்கச் சிரமப்படும் ஒரு குழந்தையோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து வாசிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நிறையப் பள்ளிகளும் நூலகங்களும் இதற்கு ஆள் தேடுகின்றன. குழந்தை விரலை வரியின் கீழ் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே வரும், திடீரென்று ஒரு சொல்லில் விரல் நின்றுவிடும், உங்களை நிமிர்ந்து பார்க்கும். அந்த இடத்தில் பெரியவர்கள் எல்லோரும் செய்வது சட்டென்று அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிடுவது. சொல்லாதீர்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். நியூசிலாந்தில் 1970-களின் இறுதியில் பெற்றோர்களுக்காக உருவாக்கிய வாசிப்புப் பயிற்சி முறை ஒன்றின் அடிப்படையே இந்த ஐந்து நொடிப் பொறுமைதான். ஐந்து நொடியில் பல குழந்தைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள். முடியாவிட்டால் வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது கதையில் இப்போது என்ன நடக்கிறது என்று கேளுங்கள், இரண்டு முறை துப்புக் கொடுத்தும் வரவில்லை என்றால் அப்போது சொல்லுங்கள். தவறாக வாசித்துவிட்டு அந்தக் குழந்தையே திருத்திக்கொண்டால் வெறும் 'சபாஷ்' போதாது, 'தப்பா வருதுன்னு நீயே கண்டுபிடிச்சுத் திருத்திட்டியே' என்று என்ன செய்ததோ அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். அந்த முகத்தில் வருகிற மாற்றத்தை ஒருமுறை பார்த்தவர்கள் அடுத்த வாரம் தானாக வருவார்கள். இதற்கு என்ன பட்டம் வேண்டும் சொல்லுங்கள்? உங்களுக்கு வாசிக்கத் தெரியும், ஐந்து எண்ணத் தெரியும்.

தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்ப்பதும் இப்படித்தான், கேட்க எளிதாக இருக்கும், செய்யும்போதுதான் அதிலுள்ள நுணுக்கம் புரியும். அழைப்பு மணியை ஒருமுறை அடித்துவிட்டு நின்று பொறுங்கள். அவர் எழுந்து, கைத்தடியை எடுத்து, கதவு வரை வர நேரம் ஆகும், நீங்கள் மறுபடி மறுபடி அடித்தால் அவசரப்பட்டுத் தடுக்கி விழுவார். எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்று முதல் நாளே கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி உட்கார்ந்தால் உதட்டசைவைப் பார்த்தும் புரிந்துகொள்வார்கள். மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துச் சொல்வது, வந்திருக்கும் கடிதத்தில் என்ன கேட்கிறார்கள் என்று விளக்குவது, உயரத்தில் இருக்கும் பல்பை மாற்றுவது என்று சின்னச் சின்ன வேலைகள் இருக்கும். அதையெல்லாம் முடித்த பிறகு வரும் அரை மணி நேரம்தான் முக்கியம், அவர் சொன்ன கதையையே மறுபடி சொல்வார், போனை எடுத்துப் பார்க்காமல் கேளுங்கள். அவர் உங்களுக்கு ஏதாவது சொல்லிக் கொடுக்க முன்வந்தால் கற்றுக்கொள்ளுங்கள். எப்போதும் வாங்கிக்கொள்கிற இடத்திலேயே ஒருவரை உட்கார வைப்பது அவருடைய மரியாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும், எத்தனை நல்ல மனத்தோடு செய்தாலும். அப்புறம் ஒரு கண்டிப்பான விஷயம்: அவருடைய வங்கி அட்டையையோ ரகசிய எண்ணையோ கையில் வாங்காதீர்கள், அவரே வற்புறுத்தினாலும். பணம் எடுக்க வேண்டும் என்றால் அவரோடு சேர்ந்து போங்கள், முடியாவிட்டால் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். இது உங்களைச் சந்தேகப்பட்டுச் சொல்வதில்லை, நாளைக்கு ஒரு கணக்கு இடித்தால் நீங்களும் அவரும் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காக.

கூச்சம் இருப்பவர்கள் கேட்பதில் கெட்டிக்காரர்களாக இருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்கள் தன்னைத் தொடர்புகொள்ளலாம் என்று அறிவித்தார். கூட்டம் தாங்கவில்லை. காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத்துணையாக இருக்கச் சாதாரண ஆட்கள் சிலர் வந்தார்கள், எந்த மருத்துவப் பின்னணியும் இல்லாதவர்கள். கொஞ்ச நாளில் பாதிரியார் ஒன்றைக் கவனித்தார், அவர்களிடம் மனம்விட்டுப் பேசியவர்களில் பலருக்குத் தன்னைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. 1954 பிப்ரவரியில் கேட்கும் வேலையை முழுவதுமாக அந்தத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்துவிட்டார், சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது. இன்று இப்படிப்பட்ட தொலைபேசி சேவைகளில் சேர முறையான பயிற்சி உண்டு, பயிற்சி இல்லாமல் யாரும் அதில் இறங்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு சொல்வதும் மூன்றே படிதான்: நிலைமையைப் பார், சொல்வதைக் கேள், சரியான உதவியோடு இணைத்துவிடு. அதில் அறிவுரை சொல்வது என்று ஒரு படியே கிடையாது, கவனித்தீர்களா?

மனிதர்களோடு நேரடியாகப் பழகுவதே வேண்டாம் என்று தோன்றினால் அதற்கும் வேலை இருக்கிறது. சின்ன அமைப்புகளுக்குப் பெரும்பாலும் கணக்கு எழுத, வருகைப் பட்டியல் போட, ரசீதுகளை அடுக்க ஆள் இருக்காது, எல்லோருக்கும் களத்தில் நிற்க ஆசை. மாதாமாதம் கணக்கை நேராக முடித்துத் தருகிற ஒருவர் கிடைத்தால் அந்த அமைப்பு இன்னும் பல வருடம் நிற்கும். கையில் ஸ்குரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தால், 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய ரிப்பேர் கஃபே மாதிரியைப் பாருங்கள், பழுதான பொருளோடு வருபவரும் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சேர்ந்து சரிசெய்வார்கள். வீட்டிலிருந்தே செய்ய வேண்டும் என்றால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சேர்ந்து வரையக்கூடிய இணைய வரைபடம் அது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கம் நடந்தபோது உலகின் பல மூலைகளிலிருந்தும் முகம் தெரியாத தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருத்தெருவாக வரைந்த வரைபடத்தை மீட்புக் குழுக்கள் பயன்படுத்தின. உங்கள் பகுதியில் சக்கர நாற்காலி போகிற மாதிரி சரிவுப்பாதை எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று அதில் பதிவு செய்தாலே பலருக்கு உபயோகம். பறவை பார்ப்பது பிடிக்குமா? வட அமெரிக்காவில் 1900 கிறிஸ்துமஸ் அன்று 27 பேர் தொடங்கிய பறவைக் கணக்கெடுப்பு இன்றுவரை தொடர்கிறது, எந்த இனம் குறைகிறது, எது வடக்கே நகர்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பார்ப்பது அந்தப் பதிவுகளைத்தான். ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், வருடம் தவறாமல் எண்ணியதால்தான் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கூடவே ஒரு முதலுதவிப் பயிற்சியை முடித்துவிடுங்கள், இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். மாரடைப்பு முற்றி இதயத் துடிப்பே நின்றுபோனால் மார்பழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் முதல் நிமிடங்களில் பக்கத்தில் இருப்பது நீங்களோ நானோதான். மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், அழுத்திய பிறகு மார்பு முழுவதும் எழும்ப விட வேண்டும். படித்தால் இவ்வளவுதான், ஆனால் பொம்மையில் செய்து பார்த்தால்தான் எவ்வளவு பலமாக அழுத்த வேண்டும் என்று கைக்குப் புரியும், இரண்டு நிமிடத்தில் தோள் வலிக்க ஆரம்பிக்கும். ஒரு மாலை அல்லது ஒரு நாள் பயிற்சி, அவ்வளவுதான்.

சீக்கிரமே விட்டுவிட்டேன் என்றீர்களே, அதை ஒரு குற்றமாக மனத்தில் வைத்திருக்க வேண்டாம். ஏன் நின்றீர்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். 1998-இல் கிளேரி, ஸ்னைடர் முதலான உளவியலாளர்கள் மக்கள் எதற்காகத் தன்னார்வ வேலைக்கு வருகிறார்கள் என்று ஆராய்ந்து ஆறு காரணங்களாகப் பிரித்தார்கள்: மதிப்பீடுகள், கற்றுக்கொள்ளும் ஆசை, தன்னம்பிக்கை, தொழில் அனுபவம், நட்பு வட்டம், மனத்தில் உள்ள பாரத்தை மறக்க ஒரு வழி. எந்தக் காரணத்துக்காக வந்தாரோ அது அந்த வேலையில் கிடைத்தால்தான் அவருக்குத் திருப்தி, தொடர்ந்து செய்யும் எண்ணமும் அப்போதுதான். நண்பர்கள் கிடைப்பார்கள் என்று வந்தவரைத் தனி அறையில் உட்கார வைத்துப் பட்டியல் அடிக்கச் சொன்னால் அவர் நிற்க மாட்டார், அது அவருடைய தப்பும் இல்லை. இந்த ஆறில் எந்தக் காரணமும் கேவலமானது கிடையாது. அனுபவச் சான்றிதழுக்காக வருகிற மாணவர் ஒழுங்காக வந்து வேலையை முடித்தால் அவரும் நல்ல தன்னார்வலர்தான். உங்களுக்கு எது வேண்டும் என்று உங்களுக்குள் நேர்மையாகக் கேட்டுக்கொண்டு, அதை ஒருங்கிணைப்பாளரிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், பொருத்தமான வேலை கொடுக்க எங்களுக்கு அதுதான் வசதி. பழைய இடத்துக்கே திரும்பப் போக நினைத்தால் தாராளமாகப் போகலாம், யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள், எந்த நாள் வர முடியும் என்றுதான் கேட்பார்கள்.

புது இடத்துக்குப் போகும்போது நீங்களும் நாலு கேள்வி கேட்க வேண்டும். எனக்கு இங்கே யார் பொறுப்பு, ஏதாவது சிக்கல் என்றால் யாரைக் கூப்பிடுவது, பயிற்சி உண்டா, போக்குவரத்துச் செலவை யார் பார்ப்பார்கள், விபத்துக் காப்பீடு இருக்கிறதா, நான் வராத நாளில் என் இடத்துக்கு யார்? இதற்கெல்லாம் நேரான பதில் இருந்தால் நல்ல இடம். குழந்தைகளோடு வேலை என்றால் இன்னும் கவனம். உங்கள் பின்னணியை விசாரிக்காமல், அடையாள ஆவணம்கூடப் பார்க்காமல், முதல் நாளே குழந்தைகளோடு தனியாக விடுகிற இடமாக இருந்தால் அங்கே சேராதீர்கள். உங்களைச் சோதிப்பது அவமானம் இல்லை, அதே சோதனை தப்பான எண்ணத்தோடு வருகிறவனையும் வாசலிலேயே நிறுத்தும். பூட்டிய அறையில் ஒரு குழந்தையோடு தனியாக இருக்காதீர்கள், தனிப்பட்ட போனில் குறுஞ்செய்தி அனுப்பிப் பழகாதீர்கள், ஃபோட்டோ எடுத்துப் போடாதீர்கள். உதவி வாங்குகிறவர் முகத்தைப் படம் பிடித்துப் பகிர்கிற பழக்கம் எனக்குக் கோபத்தை வரவழைக்கும். தன் வாழ்க்கையின் மோசமான ஒரு நாளில் கை நீட்டியதை அவருடைய பிள்ளைகளின் பள்ளி நண்பர்கள் பார்க்க வேண்டுமா என்ன? சம்மதம் கேட்டுத்தான் எடுத்தோம் என்பார்கள். பையை நீட்டிக்கொண்டே சம்மதம் கேட்டால் யார் மறுப்பார்கள்?

குழந்தைகள் இல்லங்களுக்கு அவ்வப்போது போய் ஒருநாள் விளையாடிவிட்டு வருவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் முதலில் யோசிப்பது அதுதான். அன்பாக வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் பிறகு காணாமல் போகிற முகங்கள் ஏற்கெனவே பிரிவைச் சந்தித்த குழந்தைக்கு மேலும் மேலும் பிரிவைத்தான் கற்றுக்கொடுக்கின்றன. உலக அளவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார், வறுமைதான் பிரித்திருக்கிறது. அந்தக் குடும்பம் பிரியாமல் இருக்க உதவும் அமைப்புகளுக்கு உங்கள் நேரத்தைக் கொடுங்கள். இல்லத்துக்குத்தான் போவேன் என்றால் ஒரு வருடமாவது தொடர்ந்து போக முடியும் என்ற உறுதியோடு போங்கள்.

பேரிடர் சமயத்தில் பொருள் சேகரிப்பதிலும் இதே கவனம் வேண்டும். துணிமூட்டையைப் பிரித்து அடுக்கியவர்களுக்குத் தெரியும், ஒற்றைச் செருப்பு, பொத்தான் இல்லாத சட்டை, ஈரம் காயாமல் கட்டிய போர்வை, அதிலிருந்து பரவிய பூஞ்சையால் மூட்டை முழுவதும் நாற்றம். இதைப் பிரிக்க உட்காரும் கைகள் வேறு எத்தனை வேலைக்குப் பயன்பட்டிருக்கும்! கேட்காத பொருளை அனுப்பினால் அது கிடங்கையும் லாரியையும் அடைத்துக்கொண்டு, வேண்டிய பொருளை நிறுத்திவிடும். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு அதை மட்டும் கொடுங்கள், பல சமயம் பணம்தான் வேகமாக உதவும்.

முதல் மாதம் சலிப்பாக இருக்கலாம். குழந்தை பேசாது, பெரியவர் சிடுசிடுப்பார், ஒருங்கிணைப்பாளர் உங்கள் பெயரைத் தப்பாகக் கூப்பிடுவார். மூன்று மாதம் என்று ஒரு கெடு வைத்துக்கொண்டு செய்யுங்கள், அதற்குள் முடிவெடுக்க வேண்டாம். அதே சமயம் கூடுதலாகக் கேட்கும்போது எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டாதீர்கள். நல்ல ஆள் என்று தெரிந்ததும் எல்லா வேலையையும் உங்கள் தலையில் கட்டுவார்கள், நாங்கள் செய்கிற தவறுதான் அது, பெரும்பாலும் ஆள் பற்றாக்குறையால் செய்வது. இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம், 'இப்போதைக்கு இவ்வளவுதான் முடியும்' என்று சொல்கிறவர்களைத்தான் ஐந்து வருடம் கழித்தும் பார்க்கிறேன். வர முடியாத நாள் வரும், உடம்பு சரியில்லாமல் போகும், அலுவலகத்தில் மாட்டிக்கொள்வீர்கள், அதில் தப்பே இல்லை, முன்னதாக ஒரு போன் போட்டுவிடுங்கள்.

ஒரு கட்டத்தில் ஊர் மாறலாம், வேலை மாறலாம், வேறு காரணத்தால் நிறுத்த வேண்டி வரலாம். அப்போது ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்தக் குழந்தை எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறது, எதில் தடுமாறும், பெரியவருக்கு எந்தக் காது கேட்கும், எந்த மாத்திரை எப்போது தீரும், எந்தப் பேச்சை எடுத்தால் வருத்தப்படுவார் என்று ஒரு தாளில் எழுதி, அவர்கள் சம்மதத்தோடு அடுத்து வருகிறவரிடம் கொடுங்கள். கடைசி இரண்டு வாரம் புது ஆளையும் கூட அழைத்துப் போங்கள். இனி வர மாட்டேன் என்பதை அந்தக் குழந்தையிடமும் பெரியவரிடமும் நீங்களே நேரில் சொல்லுங்கள், அமைப்பு சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.